வந்தவுடன் பெயரை அனுப்பவும்

காலியாகக் கிடக்கும் கட்டங்களைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. வீட்டில் ஒரு டப்பா காலியாக இருந்தால் எதையாவது போட்டு வைப்பேன், இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிடுவேன். அலுவலகத்தில் என்னை வேலைக்கு எடுத்ததே இந்தக் குணத்துக்காகத்தான் என்று பல நாள் நினைத்திருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

என் பெயர் சுகந்தினி. வயது இருபத்தொன்பது. கஹவத்தைக்கு மேலே இருக்கும் மிரிஸ்கந்தை தோட்டத்தில், மேல்மலை லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில் பிறந்தேன். அம்மா பால்வெட்டுக்காரி. முப்பத்தோரு வருடம் இறப்பர் மரத்தில் பால் வெட்டினாள். பாடசாலை விடுமுறையில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன். உயர்தரம் முடித்து, இரத்தினபுரியில் கணினி படித்து, மழை எச்சரிக்கைச் செயற்றிட்டத்தில் தரவு உத்தியோகத்தராகச் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

எங்கள் வேலை சின்ன வேலைதான். தோட்டத்துத் தொழிற்சாலைக் கூரையில் ஒரு மழைமானி இருக்கிறது. மழை சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பட்டியலில் உள்ள எல்லாப் போனுக்கும் குறுஞ்செய்தி தானாகப் போகும். போன் சாதாரணமாகச் சத்தம் போடாது, ஒரு மாதிரி ஊளையிடும். ஆட்கள் மலைச்சரிவை விட்டுக் கீழே பாடசாலைக்கு வர வேண்டும். வந்தவர்கள் பதில் அனுப்ப வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அதை வைத்துத்தான் நாங்கள் இரத்தினபுரியில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்வோம்.

அந்தப் பட்டியல் ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. படம் இல்லை, நிறம் இல்லை. ஒரு வரி என்றால் ஒரு வீடு. வரிக்கு ஒன்பது பத்தி. இலக்கம், வீட்டுத் தலைவர் பெயர், டிவிஷன், லயம், அறை, போன், அப்புறம் மூன்று எச்சரிக்கைக்கும் வந்த பதிலுக்கு மூன்று பத்தி. பதில் வந்திருந்தால் ஒன்று. வராவிட்டால் காலி. மிரிஸ்கந்தைக்கு மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

இதை மௌஸ் பிடித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை செய்வேன். பக்கத்து மேசை றம்ஸியா கேலி பண்ணுவாள், "என்ன சுகந்தினி, இண்டைக்கும் பேயோட கதைக்கிறீங்களா?" என்பாள். பேய் இல்லை. அது மிக நியாயமான ஒன்று. ஒரு சின்னக் கேள்வியை எழுதிக் கொடுத்தால், கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றிடமும் அதே கேள்வியைக் கேட்கும். ஆம் என்றால் அந்த வரியைப் புதிய கோப்பில் எழுதும். இல்லை என்றால் ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான். தோட்டத்தில் பால் அளக்கும் இடத்தில் தொட்டி வாயில் சல்லடை வைத்திருப்பார்கள். பால் கீழே போகும், பட்டையும் எறும்பும் மேலே நிற்கும். சல்லடைக்கு யார் மீதும் கோபம் கிடையாது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் எதுவும் அழிவதில்லை. பழைய கோப்பு அப்படியே இருக்கும். புதிய கோப்பில் சில வரிகள் வராது, அவ்வளவே. பெயர்ப் பத்தியை நான் பார்ப்பதும் இல்லை. கேள்வி கடைசி மூன்று பத்தியைப் பற்றியது. ஆள் யார் என்பது அந்த வேலைக்குத் தேவைப்படாது.

இனி அந்தச் சொல்லைப் பற்றி.

குறுஞ்செய்தியைத் தமிழில் எழுதியது நான்தான். "சிவப்பு எச்சரிக்கை. உடனே பாடசாலைக்கு வரவும். வந்தவுடன் பெயரை அனுப்பவும்." நல்ல தமிழ். பிழை இல்லை. கொழும்பிலிருந்து வந்த அம்மணி, இது தோட்டத்து ஆட்களுக்கு விளங்குமா என்று சிங்களத்தில் கேட்டார். நான் அந்த லயத்திலேயே பிறந்தவள் என்று சிங்களத்திலேயே பதில் சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். என்னை எதற்காக வேலைக்கு எடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். சொற்களைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் பிரதி உங்கள் கோப்பில் இருக்கும்.

முதல் எச்சரிக்கை மே மாதம் போனது. அன்றைக்கு மேல்மலை ஆட்கள் எல்லோரும் பாடசாலைக்கு வந்தார்கள், ஆனால் பெயரை அனுப்பச் சொன்னதில் தயங்கி நின்றார்கள்; வீரமலை என்பவர் மட்டும் செய்தியில் இருந்தபடியே தன் பெயரை அனுப்பினார். ஒழுங்கான மனிதர். மழை விட்டதும் மற்றவர்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஓடிவிட்டார்கள், அவர் பிந்திவிட்டார்; பெரட்டில் அவரைக் காணவில்லை என்று கணக்கப்பிள்ளை அன்றைக்கு அவருக்குப் பேர் போடவில்லை.

ஐயாவுக்கு இது விளங்காமல் போகலாம். தோட்டத்தில் பேர் என்றால் ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டும் இல்லை. அன்றைய வேலை. காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, வேலையை முடித்தால் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஒரு பேர் விழும். பாதி வேலை என்றால் அரைப் பேர். "இன்னைக்கிப் பேரு கெடச்சிச்சா" என்றுதான் லயத்தில் விசாரிப்பார்கள். பேர் வெட்டிவிட்டார்கள் என்றால் அந்த நாள் இல்லை என்று அர்த்தம். இரண்டுமே ஒரே சொல். எழுதும்போது பெயர், பேசும்போது பேரு.

மழை நாளில் பால்வெட்டு இல்லை. ஆனால் பெரட்டுக்குப் போனால் வடிகான் வெட்டவோ புல் வெட்டவோ விட்டு அரைப் பேராவது போடுவார்கள். வீரமலை எங்கள் போனுக்குப் பேரை அனுப்பினார், அன்றைக்கு அவர் பேர் போய்விட்டது. மேல்மலையில் இதற்கு மேல் யாரும் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் இரண்டாவது எச்சரிக்கை. அன்று நான் ஆய்வுக்காகப் பாடசாலையிலேயே இருந்தேன். மேல்மலை ஆட்கள் முழுப்பேரும் வந்திருந்தார்கள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு கிழவரைக் கதிரையோடு சுமந்துகொண்டு வந்தார்கள். எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தது பெருமாயி அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த அறை. எனக்கு ஆறு வயதில் மஞ்சள்காமாலை வந்தபோது என்னைக் கஹவத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான் என்று அம்மா சொல்வாள். எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் சொன்னாள், "ஏம்புள்ள, ஒங்க போனுக்குப் பேர அனுப்புனா இங்க பேரு போயிருதாம்ல. வீரமலைக்குப் போச்சு. நாங்க யாரும் அனுப்ப மாட்டோம்டியம்மா. வரச் சொன்னீங்க, வந்துட்டோம். அது பத்தாதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெயர் என்ற இடத்தில் "சரி என்று அனுப்பவும்" என்று போட்டிருந்தால் தீர்ந்தது. ஒரு சொல்.

பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். அது வேறு சொல் அக்கா, பயப்படாமல் அனுப்புங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆளாளுக்கு நின்று விளக்குவது செயற்றிட்டத்தின் முறை இல்லை. இரத்தினபுரிக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். சொல்லை மாற்ற வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும். கடிதம் கொழும்புக்குப் போகும். அந்த அம்மணி கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்ப்பார். அந்த லயத்திலேயே பிறந்தவள் என்று சொன்ன பெண்ணுக்கு, அந்த லயத்தில் பேர் என்றால் என்னவென்று மறந்துவிட்டது என்று தெரியவரும். மறக்கவில்லை, ஐயா. எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அதைக் கடிதத்தில் விளக்க முடியாது. வாளி தூக்கிய வீட்டிலிருந்து வந்த ஒருத்திக்கு இரண்டாவது தடவை விளக்கம் சொல்ல யாரும் நேரம் தருவதில்லை. எனக்குத் தெரியும்.

செப்டெம்பரில் மூன்றாவது எச்சரிக்கை. மேல்மலை ஆட்கள் வந்தார்கள். பதில் வரவில்லை.

ஒக்டோபர் கூட்டத்தில் எங்கள் பொறுப்பாளர் ஸஹாப்தீன் சேர் என் கோப்பைத் திரையில் போட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "தங்கச்சி, இந்த மேல்மலை முப்பத்தொரு வரியும் மூண்டு தரமும் காலியாக் கிடக்குதே. இவங்க கீழ வாறதே இல்லையா?" என்றார்.

"பதில் இல்லை சேர்" என்றேன்.

இது உண்மை. அவர் கேட்ட கேள்விக்கும் நான் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, அது எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கலாம் என்று சில சமயம் நினைப்பேன். இல்லை, அவருக்குத் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று ஒருக்கா போய்ப் பாருங்க என்று அவர் சொன்னார். யாரையாவது அனுப்பவா என்றும் கேட்டார். தேவையில்லை, நானே பார்க்கிறேன் என்றேன். வேறு யாராவது மேல்மலைக்கு ஏறினால் பெருமாயி அக்கா அவர்களுக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொடுத்து அதே கதையைச் சொல்வாள். அவள் வாயில் ஒன்றும் தங்காது.

செயற்றிட்டக் கைநூலில் ஒரு விதி இருக்கிறது. மூன்று முறை பதில் வராத இலக்கங்களைப் பாவனையில் இல்லாதவையாகக் கருதி, விசாரித்தபின் பட்டியலிலிருந்து எடுக்கலாம். நான் இட்டுக்கட்டிய விதி இல்லை. விசாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் ஜூன் மாதமே விசாரித்தாகிவிட்டது.

அடுத்த நாள் காலை, தேநீருக்கு முன், கட்டளையைத் தட்டினேன். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்தி மூன்றும் காலியாக இருந்தால் விடு, மற்ற வரிகளை எழுது. ஒரு நொடி ஆகவில்லை. புதிய கோப்பின் வரிகளை எண்ணிப் பார்த்தேன். நூற்று எண்பத்து நான்கு. நூற்று எண்பத்தொன்று வந்திருக்க வேண்டும். மூன்று வரி கூடுதல்.

அரைகுறையாக வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். நான் தேடினேன். அந்த மூன்று வரியிலும், பார்வைக்குக் காலியாக இருந்த கட்டத்துக்குள் ஓர் இடைவெளி எழுத்து இருந்தது. தரவு ஏற்றியபோது யாரோ தெரியாமல் தட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கட்டளைக்கு அப்படி இல்லை. ஒன்றுமில்லாதது வேறு, வெற்றிடம் வேறு. அதனால் அந்த மூன்று வீடும் சல்லடையில் நிற்காமல் கீழே போயிருந்தன. அந்த மூன்றில் ஒன்று பெருமாயி அக்கா வீடு. கட்டளையைத் திருத்தினேன். முதலில் இடைவெளிகளை நீக்கு, பிறகு கேள். இப்போது சரியாக நூற்று எண்பத்தொன்று வந்தது.

பெருமாயி அக்கா வீடு என்று எப்படித் தெரியும் என்று, உங்கள் முகத்தைப் பார்த்தால், கேட்பீர்கள் போலிருக்கிறது. அறை இலக்கம் எனக்குத் தெரியும். அடுத்த அறை என்றேனே.

நான் தட்டியதை எல்லாம் அந்தக் கறுப்புத் திரை வரிசையாக நினைவில் வைத்திருக்கும். றம்ஸியா அதை அச்செடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அவள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. நேரம்கூடப் போட்டிருக்கும்.

புதிய பட்டியல் ஏறியது. மாதாந்த அறிக்கையில் பதில் விகிதம் நன்றாக உயர்ந்தது. ஸஹாப்தீன் சேர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மேல்மலைக்குப் போய்ப் பேசினீங்களா என்று கேட்டார். அங்குள்ள நிலைமை எனக்குத் தெரியும் சேர் என்றேன்.

நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. இரண்டு நாள் விடாத மழை. பால்வெட்டு இல்லை, அன்றைக்குப் பெரட்டும் இல்லை. அதனால் மேல்மலையில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மழைமானி காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குச் சிவப்பைத் தாண்டியது. அதே நிமிடத்தில் செய்தி போனது. மலை சரிந்து இறங்கியது ஒன்பது நாற்பதுக்கு. ஒன்றரை மணி நேரம் இருந்தது. மேல்மலையிலிருந்து பாடசாலைக்கு, கதிரையில் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், முக்கால் மணி நேரம்தான். பொறி ஒழுங்காக வேலை செய்தது. அது முக்கியம்.

மேல்மலையில் பன்னிரண்டு அறை கொண்ட எங்கள் லயம் முழுவதும் போய்விட்டது. பத்தொன்பது பேர். நீங்கள் அந்தப் பெயர்களை வாசித்தீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீரமலை பிழைத்தார். மே மாதம் ஒரு தடவை பெயரை அனுப்பியவர் என்பதால் அவருடைய ஏழாம் பத்தியில் ஒன்று இருந்தது. அவர் வரி தங்கியது. அவர் இருப்பது சற்றுத் தள்ளியுள்ள தனிக் குடிசை. எல்லாருக்கும் செய்தி வந்திருக்கும் என்று நினைத்து நேராக இறங்கிவிட்டார். அன்று போன அரைப் பேரைப் பற்றி இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம்.

அம்மாவும் பிழைத்தாள். அந்த லயத்தில் அவளும் ஒருத்தி. கடைசி அறை. அவளைப் போய்ப் பார்த்தேன். பாடசாலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன உடுப்பைத் தொடவில்லை. நடந்ததை அவளாகவே சொன்னாள். போன் ஊளையிட்டதும் வெளியே வந்து பெருமாயியைக் கூப்பிட்டிருக்கிறாள். பெருமாயி அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து அவரவர் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் வரவில்லை. பெருமாயி சொன்னாளாம், "எங்க போனு ஒண்ணும் கத்தலயே. ஒம் மக ஆபீஸ்ல இருக்கா, ஒனக்குத் தனியா அனுப்பிருப்பா. நீ போ தாயி. எங்களுக்கு வந்தா வாறோம்."

மூன்று முறை செய்தி வந்தது, மூன்று முறையும் வந்தவர்கள். செய்தி வராத அன்று அவர்கள் வரவில்லை. செயற்றிட்டத்தை அந்த அளவுக்கு நம்பியிருந்தார்கள். இதை அறிக்கையில் எங்காவது சேர்க்க முடிந்தால் நல்லது.

பிறகு அம்மா ஒன்று கேட்டாள். "எனக்கு வந்துச்சு. பக்கத்து ரூமுக்கு வரல. அது எப்புடிடி?"

கொண்டுபோன உடுப்பைப் பாய் ஓரத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். அவள் பாயிலேயே மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீங்களும் இப்போது அதையே கேட்கிறீர்கள். பட்டியலில் நூற்று எண்பத்திரண்டாவது வரி எங்கிருந்து வந்தது, அதில் மூன்று பத்தியும் காலியாகத்தானே இருக்கிறது என்று. இதைப் பெரிய விஷயமாக்க வேண்டாம். அம்மாவும் எந்தத் தடவையும் பதில் அனுப்பியதில்லை. பேர் போய்விடும் என்று அவளுக்கும் பயம். கட்டளை அவளையும் விட்டுவிட்டது, அதற்கு ஆள் பேதம் கிடையாது. விடுபட்ட முப்பத்தொரு வரியையும் திரையில் ஓடவிட்டு, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். அம்மாவின் வரி இருபத்தாறாவதாக வந்தது. அதை மட்டும் எடுத்து, புதிய கோப்பின் அடியில் கையால் சேர்த்தேன். அதன் காலிக் கட்டங்களில் ஒன்று போட்டு நிரப்பியிருக்கலாம், விகிதமும் நூறு ஆகியிருக்கும். செய்யவில்லை. இல்லாத தரவை எழுதுவது தவறு.

நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். தேதி சரி. எண்ணிக்கை சரி. கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். ஒரே ஒரு சொல்தான். "கவனக்குறைவால்" என்று நாலாவது வரியில் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டும். தவறான சொல்லுக்குக் கீழே ஒரு முறை கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னொரு முறை போட மாட்டேன். இடைவெளிகளைத் தேடித் தேடி எடுத்தவள் நான். முப்பத்தொரு பெயரையும் நிதானமாக வாசித்து, யார் சாகக்கூடாது என்று பார்த்து, அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தவள் நான். என்னைக் கவனமில்லாதவள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.